இருபது நொடி

மறுபடியும் மந்தாரம்.
மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுன்வா அனுப்புகிறாள்
ஒன்றன்பின் ஒன்றாய்ப் படங்கள்:
அவள் கூரைமேல் பச்சை,
அவள் கார்மேல் பச்சை,
காரின்மேல் குந்தியிருக்கும் பூனையின் முதுகிலும்.
"சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால்
பன்னிரண்டே நிமிடம். எங்கே இருக்கிறாய்?"

தெரியும்.
எட்டுக் குளிர்காலமாய்த் தெரியும்.
மேகமெல்லாம் இந்தப் பக்கம்தான் கரையேறும்,
மலையில் முட்டிக்கொண்டு
எங்கள் வளைகுடாவிலேயே உட்கார்ந்துவிடும்,
கல்யாணம் முடிந்தும் கிளம்ப மனமில்லாத
விருந்தாளி மாதிரி.
மூடுபனிக்கு எங்கள் தீவில் எத்தனையோ பெயர்.
தெளிந்த வானத்துக்கு ஒன்றுதான்,
அதுவும் அவசரத்துக்கு நினைவு வராது.

எனக்கு வேண்டியது அந்தப் பக்கத்து வானம் அல்ல.
இந்த அலைதடுப்புச் சுவர்,
துருவேறிய இந்தப் பாரந்தூக்கி,
இடதுபுறம் பெயின்ட் உரிந்த ஹானுஸின் படகு.
இவற்றின்மேல் வந்து நிற்க வேண்டும் அது.
ஏன் என்று கேட்டால்
பிடிவாதம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

முக்காலிக்குக் கல் முட்டுக் கொடுத்தாயிற்று.
நடுவில் தொங்குகிறது ஒரு பை உருளைக்கிழங்கு,
காற்றுக்கு எதிராக எடை வேண்டுமே.
மாற்று பேட்டரி என் அக்குளில்.
கண்ணாடியில் உப்பு. துடைக்கிறேன்.
உப்பு. துடைக்கிறேன்.
துணியே உப்பாகிவிட்டது.

ஒன்பதே முக்காலுக்கு ஹானுஸ் வந்தான்.
துறைமுக விளக்குகளின் சாவி அவனிடம்தான்.
"ஐந்து நிமிடம். அதற்குமேல் கேட்காதே,
பத்தரைக்கு மீன் கப்பல்."
கம்பம் கம்பமாய் அணைந்தது துறை.

யார் சொன்னார்களோ,
மேட்டில் ஒரு ஜன்னல் இருண்டது.
பிறகு இன்னொன்று.
பிறகு பள்ளிக்கூடத்து வாசல் விளக்கு.
ஹோக்னி வீட்டுத் தொலைக்காட்சி மட்டும்
நீலமாய்த் துடித்துக்கொண்டிருந்தது.
இருக்கட்டும். ஹேண்ட்பால் அரையிறுதி.

இருட்டு இவ்வளவு பெரியது என்பது
எனக்கே மறந்திருந்தது.
கடலின் சத்தம் நாலடி கிட்டே வந்தது.
அண்ணாந்து பார்த்தேன்.
சாம்பல்.
சாம்பலுக்குப் பின்னால் சாம்பல்.

இருந்தாலும் அழுத்தினேன்.
இருபது நொடி.
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.
ஏழில் எங்கோ ஓர் ஆடு செருமியது.
பதினொன்றில் ஹானுஸ் "ஐயோ, பிளாஸ்க்!" என்று
கைவிளக்கை ஏற்றிக்கொண்டு ஓடினான் படகை நோக்கி,
நேராக என் சட்டகத்துக்குள்.
கத்தினேன்.
கத்தினால் நொடி நிற்குமா.

பின்திரையில் விழுந்தது படம்.
மேகம் பச்சை.
திரைச்சீலை இல்லை, நாட்டியம் இல்லை,
பூனை முதுகில் வழிந்த ஒயில் எதுவும் இல்லை.
மந்தாரம் முழுக்க உள்ளிருந்து ஊறிய பச்சை,
நனைந்த கல்லைப் புரட்டினால் தெரிவதுபோல.
என் கண் சாம்பல் என்றது.
இருபது நொடி இமைக்காமல் இருந்த கண்
வேறு சொல்கிறது.

கீழே, சுவர்மேல்,
வெள்ளையாய் ஒரு கோணல் கோடு,
மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்கியது போல.
ஹானுஸ் ஓடியது அது.
ஹானுஸ் இல்லை.
கால் இல்லை, தொப்பி இல்லை,
அறுபது வருஷத்து உடம்பு எங்குமே இல்லை.
ஓட்டம் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது.

"கெடுத்துவிட்டேனா?"
மூடியில் காபி ஊற்றியபடி கேட்டான்.
காட்டினேன்.
மூக்கு திரையில் படும்படி
நெடுநேரம் பார்த்தான்.
"பெயின்ட் இவ்வளவு மோசமாகவா இருக்கிறது?"
என்றான் கடைசியில்.

சுன்வாவுக்கு ஒன்றும் அனுப்பவில்லை.
காலை ஆறு மணி ஷிப்ட்,
பெல்ட்டில் கானாங்கெளுத்தி, முடிவே இல்லாமல்.
கத்தியை நிறுத்தாமல் ரன்வா கேட்டாள்:
"விளக்கையெல்லாம் அணைத்து உட்கார்ந்திருந்தோமே, வந்ததா?"

"வந்திருந்தது."

"எங்கே?"

உறை போட்ட விரலால் மேலே காட்டினேன்.
ஆலையின் தகரக் கூரை.
அதற்கு மேலே மழை
ஆரம்பித்திருந்தது.